சிக்கன வளையம்

எந்த நிலப்படத்திலும் இல்லாத ஒரு நாடு இருந்தது. அதற்கு ஓங்கல் என்று பெயர். நாடு என்றதும் மலை, ஆறு, எல்லைக்கல் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரே ஒரு மரம். குடிமக்கள் எல்லோரும் அதன் உள்ளேயே பிறந்து, உள்ளேயே உழைத்து, பெரும்பாலும் நின்ற இடத்திலேயே செத்தும் போனார்கள்.

இதற்கு மேல் வானம்தான் என்கிற இடத்தில் உச்சியார் வீற்றிருந்தார். அவர் ஒரு கொழுந்து. நகத்தளவுதான் இருப்பார். ஆனால் நாடு வளர்வதே அவரால்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, குறிப்பாக அவருக்கு. தினமும் காலையில் அவர் ஒரே ஓர் ஆணை பிறப்பிப்பார்: "பக்க மொட்டுகள் உறங்கட்டும்." ஆணை பட்டை வழியாகக் கீழே இறங்கும். தண்டின் ஓரங்களில் விழிக்கப் பார்த்த மொட்டுகள் அதைக் கேட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். ஒரு நாட்டுக்கு ஓர் உச்சி போதும் என்பது ஓங்கலின் அரசியல் சாசனம்.

அடியில், மண்ணுக்குள், வேரூர் இருந்தது. அங்கே வெளிச்சம் கிடையாது. வேரூர்க்காரர்களின் தொழில் தண்ணீர் தேடுவது. தண்ணீர் இருந்த இடத்தில் இருக்காது என்பதால் அவர்களும் இருந்த இடத்தில் இருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் கல்லைச் சுற்றி, களிமண்ணைத் துளைத்து, நுனியைக் கொஞ்சமாவது முன்னே தள்ளியாக வேண்டும். அவர்கள் நின்றால் நாட்டுக்கே தொண்டை வறண்டுவிடும்.

நாட்டில் இரண்டே சாலைகள். மேலே ஏறுவது நீர்ச்சாலை. அதைக் கட்டியது ஒரு விசித்திரமான குலம். வயது வந்ததும் அவர்கள் தங்கள் சுவரைத் தடிமனாக்கிக்கொண்டு, உள்ளே இருந்த உயிரைக் காலி செய்துவிட்டு, நின்றபடியே செத்துப்போவார்கள். அந்த வெற்றுடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்ற குழாய்களில்தான் தண்ணீர் ஏறியது. செத்தவர்கள் கூலி கேட்பதில்லை என்பதால் அரசு அவர்களை மிகவும் மதித்தது.

கீழே இறங்குவது சோற்றுச்சாலை. அது பட்டையை ஒட்டி உள்பக்கமாக ஓடியது. இலைகளில் வெயிலை வைத்துச் சமைத்த பாகைச் சுமையாட்கள் கைமாற்றிக் கைமாற்றி வேரூர்வரை கொண்டுபோனார்கள். சுமையாளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலையில் சேரும்போது தன் புத்தியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே இருந்தால் பாகு போகும் வழியை அடைக்கும். ஆகவே அடுத்த அறையில் அவன் மனைவி உட்கார்ந்து இருவருக்கும் சேர்த்து யோசித்தாள். இந்த ஏற்பாடு வேறு நாடுகளிலும் உண்டு என்றும், அங்கே ஒப்புக்கொள்வதில்லை என்றும் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நீர்ச்சாலையில் ஏறத்தான் முடியும், சோற்றுச்சாலையில் இறங்கத்தான் முடியும்.

பூக்கும் காலம் வந்தால் ஓங்கலில் தேர்தல். சூரியனைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு மட்டும் வாக்கு. அந்த ஆண்டு வளமைத்துறை அமைச்சர் மகரந்தர் கிளை கிளையாகப் போய் முழங்கினார். மஞ்சள் பொடி பூசிய மேனி, தேன் தடவிய குரல்.

"பெருமக்களே, நீங்கள் வெயிலில் வெந்து சமைக்கிற பாகு எங்கே போகிறது? கீழே போகிறது. கீழே இருப்பவர்களை நீங்கள் பார்த்ததுண்டா? ஒரு நாளாவது அவர்கள் வெயிலில் நின்றதுண்டா? இந்த இலவசம் இன்னும் எத்தனை காலம்?"

கூட்டத்தில் ஓர் இலை எழுந்து, "தண்ணி அங்கிருந்துதானுங்களே வருது?" என்று கேட்டது.

"தண்ணீர் உச்சியாரின் ஆணையால் வருகிறது," என்றார் மகரந்தர். "அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஏறுகிற வளத்தையும் இறங்குகிற இலவசத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வது எதிரிகளின் வேலை."

அந்த இலையை அதன்பிறகு யாரும் அந்தக் கிளையில் பார்க்கவில்லை. உச்சியாரை எதிர்த்து யாரும் நிற்காததால் அவரே வென்றார். வென்ற கையோடு சிக்கன வளையம் என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்து எடுத்துவிடுவது, அவ்வளவுதான் திட்டம். நீர்ச்சாலை உள்ளே கட்டைக்குள் ஓடுவதால் அதற்கு ஒரு கீறலும் விழாது. சோற்றுச்சாலை மட்டும் நின்றுவிடும். திட்டத்தின் நேர்த்தியை வியந்து மலர்கள் தீர்மானம் நிறைவேற்றின.

ஒப்பந்தம் வெளிநாட்டு வண்டுகளுக்குப் போனது. உரித்த பட்டையை அவையே தின்றுகொள்ளலாம் என்பதால் கருவூலத்துக்குச் செலவில்லை. அந்த ஒரு சாணில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த சுமையாள் குடும்பங்கள் என்ன ஆயின என்று கேட்கப்பட்டது. அப்படி ஓர் இடமே இப்போது இல்லாத நிலையில் அங்கே குடியிருந்தவர்கள் என்ற பேச்சுக்கு இடமில்லை என்று அரசு விளக்கம் அளித்தது.

நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பருவத்தில் ஓங்கல் காய்த்த காய்ப்பைப் போல அதற்குமுன் யாரும் கண்டதில்லை. கீழே போகாத பாகெல்லாம் பழங்களில் போய் நின்றது. கிளைகள் வளைந்தன. அண்டை மரங்களிலிருந்து பறவைகள் தூதுக்குழுவாக வந்து கொத்திப் பார்த்துவிட்டு, இதுதான் வளர்ச்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயின. உச்சியார் ஒரு புது இலை விட்டார்.

வேரூரில் முதலில் யாருக்கும் விஷயம் பிடிபடவில்லை. சோறு தாமதம் என்று நினைத்தார்கள். தடித்த வேர்களுக்குள் நல்ல காலத்தில் சேர்த்து வைத்த மாவு இருந்தது, அதை எடுத்துத் தின்றார்கள். பிறகு அளந்து தின்றார்கள். பிறகு வயதானவர்கள் பசியில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். இத்தனைக்கும் நடுவில் தண்ணீர் அனுப்புவதை அவர்கள் நிறுத்தவில்லை. அவர்களால் நிறுத்தவும் முடியாது. இலைகள் வெயிலில் மூச்சுவிட விட, தண்ணீர் ஒரு கயிறாக மேலே இழுபட்டுக்கொண்டே போகும்.

வேரூரின் தென்கோடி நுனியில் வேராத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் தொப்பிக் குடும்பம். வளரும் நுனிக்குத் தொப்பியாக முன்னால் நின்று, கல்லின் உராய்வைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்வது அவர்கள் வேலை. தேயத் தேய நகர்வார்கள், நகர நகரத் தேய்வார்கள். அவளுக்குப் பின்னால், ஒரு கல்லும் தன்மேல் உராயாமல், அவள் மகள் சிட்டு வளர்ந்துகொண்டிருந்தாள். இப்போது வளர்வதும் நின்றிருந்தது. சிட்டு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. வேராத்தாளுக்குப் பொறுமை எப்போதுமே கொஞ்சம் கம்மி, அன்று அது சுத்தமாகப் போய்விட்டது.

"இலைக்காரிக சமைக்கறதையே வுட்டுட்டாளுகளாட்ட இருக்குது. போயி நாலு வார்த்த கேட்டுட்டு வாரேன்," என்றாள்.

"கல்லு வந்தா நா என்ன பண்ணுட்டும்மா?" என்றாள் சிட்டு.

"கண்ண மூடிக்க. வந்துருவேன்."

வேர் மேலே போகும் வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் வேராத்தாள் அதற்குள் மிகவும் மெலிந்திருந்ததால் நீர்ச்சாலைக் குழாயில் நுழைவது சிரமமாக இல்லை. தண்ணீர் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. இரு பக்கமும் நின்றபடி செத்தவர்களின் சுவர்கள் கடந்துபோயின. அவள் கையை நீட்டி அவற்றைத் தொட்டுக்கொண்டே போனாள். அந்த நேரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

தண்ணீர் அவளைக் கொண்டுபோய் இறக்கியது ஒரு நடுக்கிளை இலையில். அங்கே பச்சையம்மாள் என்ற மூத்த சமையற்காரி உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்தியதில் வேராத்தாள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டே சண்டையை ஆரம்பித்தாள்.

"ஏனுங்க்கா, கீழ எம்புள்ள நாக்கு ஒட்டிக் கெடக்குது. இங்க நீங்க கால நீட்டி உக்காந்திருக்கறீங்க. வெக்கமா இல்லீங்களா?"

பச்சையம்மாள் அவளை உள்ளே கூட்டிப்போய் அடுக்களையைக் காட்டினாள். அங்கே கால் வைக்க இடமில்லை. பாகு சட்டி சட்டியாகக் கெட்டிப்பட்டு நின்றது.

"நாங்க சமைக்காமயா இருக்கறோம் அம்மிணி? நீங்கதான் வேண்டாம்னு திருப்பி வுட்டுட்டீங்கன்னு சுற்றறிக்கை வந்துது. ருசி பத்தலைன்னீங்களாமா. எனக்குக்கூட மனசு சங்கடமாப் போச்சு. இத்தன வருசமாத் தின்னுபோட்டு இப்ப ருசி பத்தலியாக்குன்னு."

வேராத்தாள் சட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள். வாயில் வைத்ததும் சிட்டுவின் முகம் ஞாபகம் வந்து, அடுத்த வாய் இறங்கவில்லை. அன்றே உச்சியாரின் அவைக்குப் போனாள்.

அவையில் வேரைக் கண்டதும் பரபரப்பு. உச்சியார் தன் செயலரைக் கூப்பிட்டு, "வேர் என்பது என்ன?" என்று மெதுவாக விசாரித்தார். செயலர் பதில் தயாரிக்கக் கால அவகாசம் கேட்டார். மகரந்தர் முன்வந்தார்.

"சொல்லுங்கள் அம்மா. குறை என்ன?"

"சோறு வர்றதில்லீங்க, ஐயா."

"வேரூர் தண்ணீர் அனுப்புவதை நிறுத்திவிட்டதா?"

"இல்லீங்க. அனுப்பிக்கிட்டுத்தானுங்க இருக்கறோம்."

மகரந்தர் அவையைப் பார்த்துப் புன்னகை செய்தார். "சோறில்லாமலே வேலை நடக்கும் என்பதைப் பயனாளியே வாக்குமூலமாகத் தந்திருக்கிறார். குறித்துக்கொள்ளுங்கள்."

"வேருக்குள்ள சேத்து வெச்சதத் தின்னுட்டுச் செய்யறோமுங்க. அது தீந்துருச்சுன்னா?"

"தீர்ந்த பிறகு மனு கொடுங்கள். நடக்காத நிகழ்வுக்கு நிவாரணம் வழங்க விதியில்லை."

"தீந்த பொறவு மனுக் குடுக்க ஆளு இருக்காதுங்களே."

"அப்படியானால் குறையும் இருக்காது," என்றார் மகரந்தர். அவை எழுந்து நின்று இதை வரவேற்றது.

வேராத்தாளுக்கு அங்கே யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. யாரை என்று தீர்மானிப்பதற்குள் அவளை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். சரி, ஊருக்குப் போவோம், பிள்ளையோடாவது இருப்போம் என்று சோற்றுச்சாலையில் இறங்கினாள். தண்டின் நடுவே சாலை முடிந்தது. பட்டை பட்டென்று அறுந்து, கீழே ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைக் கட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி அந்தப் பக்கம் மறுபடி பட்டை, அதற்குக் கீழே அவள் ஊர். ஈரத்திலேயே பிறந்து வளர்ந்த உடம்பு அந்தக் காய்ந்த கட்டைமேல் பாதி தூரம் போவதற்குள் சுருண்டுவிடும். அவள் ஒருமுறை காலை வைத்துப் பார்த்தாள். சுட்டது. எடுத்துவிட்டாள்.

விளிம்பில் நாரப்பன் என்ற சுமையாள் நின்றுகொண்டிருந்தான். தோளில் பாகுச் சுமை. அவனுக்குப் பின்னால் சுமையோடு வந்து வந்து நின்றவர்களால் அந்த இடமே வீங்கிப் புடைத்திருந்தது.

"அண்ணா, அந்தப் பக்கம் போறதுக்கு வேற வழி இருக்குதுங்களா?" என்று அவனிடம் கேட்டாள்.

அடுத்த அறையிலிருந்து அவன் மனைவி சாறம்மை தலையை நீட்டினாள். "அவருகிட்டக் கேக்காத சாமி, அவருக்கு ஒண்ணுந் தெரியாது. வழி கெடையாது. எங்க பக்கத்தூட்டுக்காரி ராத்திரி புளி கேட்டு வாங்கீட்டுப் போனா. காத்தால பாத்தா அவளும் இல்ல, ஊடும் இல்ல."

"இவரு ஏனுங்க இன்னம் சொமையத் தூக்கிக்கிட்டே நிக்கறாரு?"

சாறம்மை அவன் தோளைப் பார்த்தாள். "எறக்கி வைன்னு நாஞ் சொன்னா எறக்கிருவாரு. சொல்ல மனசு வரமாட்டீங்குது. எறக்கீட்டா, பொறவு கீழ இருக்கறவங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு ஆயிருமல்லொ."

வேராத்தாள் அந்த விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தம் போட்டால் சிட்டுவுக்குக் கேட்குமா என்று நினைத்தாள். கேட்காது. இருட்டும்வரை இருந்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல், பச்சையம்மாளின் இலைக்கே திரும்பினாள்.

அப்புறம் கோடை வந்தது. வேரூரில் நுனிகள் நகரவில்லை. நகராத நுனிக்குப் புது ஈரம் கிடைப்பதில்லை. மேலே வரும் தண்ணீர் மெலிந்தது. இலைகளின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு காவலர்கள். தண்ணீர் குறைந்தால் உச்சிவேளையில் வாசலைச் சாத்திவிடுவது அவர்கள் வழக்கம். அந்த ஆண்டு காலையிலேயே சாத்தத் தொடங்கினார்கள். சாத்தின வாசல் பறவைத் தூதர்களுக்குத் தவறான எண்ணத்தைத் தரும் என்று மகரந்தர் கருதினார். திறந்த வாசல் கொள்கை அறிவிக்கப்பட்டது. காவலர்கள் கதவுகளை நாரால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டு, கொளுத்துகிற அனலில் விறைப்பாக நின்றார்கள். இருந்த ஈரமும் அந்த வாசல்கள் வழியாகப் போனது.

அதன்பிறகு இலைகள் பழுத்தன. எந்த மரத்திலும் தண்ணீர் முடையில் இலைகள் உதிரும். வாய்களைக் குறைத்தால்தான் மிச்ச உடம்பு பிழைக்கும். ஓங்கலில் அதற்கொரு மரியாதையான முறை இருந்தது. போகிற இலை காம்படியில் மெல்லிய சுவரெழுப்பி, தான் பிரிந்த காயம் மரத்துக்கு வலிக்காதபடி கதவைச் சாத்திவிட்டுத்தான் போகும். மகரந்தர் இதைத் தேசத்துரோகம் என்றார். மஞ்சள் நிறம் தடை செய்யப்பட்டது. உதிர்வது தண்டனைக்குரிய குற்றமானது. பழுத்த இலைகளைக் காம்போடு சேர்த்துக் கட்டி, தூதர்கள் வரும்போது பச்சைப் பக்கம் தெரியுமாறு திருப்பி வைக்க ஆட்கள் போடப்பட்டார்கள்.

பச்சையம்மாளும் பழுத்துக்கொண்டு வந்தாள். அவள் காம்பையும் கட்டினார்கள். "நா போயிருந்தா ஒரு வாய்த் தண்ணி மிச்சம்," என்று அவள் வேராத்தாளிடம் சொன்னாள். "இப்புடி ஒட்டிக்கிட்டு உறிஞ்சறதுக்கு எனக்கே கூச்சமா இருக்குது."

யாருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் நாடே அல்லாடியது. கிளைகள் காற்றில்லாமலே முனகின. அப்போதுதான் தண்டுக்குள் அந்தச் சத்தம் தொடங்கியது. டக். சற்று நேரம் கழித்து இன்னொன்று, டக். நீர்ச்சாலையில் தண்ணீர்க் கயிறு அளவுக்கு மீறி இழுபட்டு, ஒவ்வொரு குழாயாக அறுந்துகொண்டிருந்தது. ஒருமுறை அறுந்த குழாயில் பெரும்பாலும் மறுபடி தண்ணீர் ஏறாது. வேராத்தாளுக்கு அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் சிட்டுவின் பெயரைச் சொன்னாள்.

அவையிலும் சத்தம் கேட்டது. உச்சியார் காதைத் தீட்டிக்கொண்டு, "அது என்ன?" என்றார்.

"கைதட்டல், பெருந்தகையே," என்றார் மகரந்தர். "அடித்தட்டு மக்கள் திட்டத்தை வரவேற்கிறார்கள்."

உச்சியார் நெகிழ்ந்துபோனார். நாளுக்கு நாள் கைதட்டல் கூடியது. ஒரு கட்டத்தில் இடைவிடாமல் கேட்டது. அதன்பிறகு உச்சியாரின் தலை வாடித் தொங்கியதைச் செயலர் பணிவு என்று பதிவு செய்தார்.

மகரந்தர் அசடர் அல்லர். மரம் போகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கையில் கொழுத்த பழங்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்குள்ளும் விதை. விதைக்குள் ஏறிக்கொண்டால் எங்காவது விழுந்து புதிய ஓங்கலைத் தொடங்கலாம். ஆகப் பெரிய பழத்தின் விதை அரசு விதையாக அறிவிக்கப்பட்டது. உள்ளே இரண்டு களஞ்சியங்களில் நாட்டின் பாகு முழுவதும் அடைக்கப்பட்டது. மேல் இருக்கை உச்சியாருக்கு. நடுவில் அமைச்சர்கள், அவர்கள் மைத்துனர்கள், வண்டு ஒப்பந்தக்காரர்.

விதையின் கீழ்நுனியில், சின்னத் துவாரத்தை ஒட்டி, ஓர் இருக்கை மிச்சம் இருந்தது. செயலர் பழைய நடைமுறையைப் பார்த்துவிட்டு, "இது வேரூர்க்காரர் ஒருவருக்கு ஒதுக்குவது வழக்கம்," என்றார். நாட்டின் மேல்பகுதியில் இருந்த ஒரே வேர் வேராத்தாள். அவளைக் கூப்பிட்டு வந்தார்கள்.

மகரந்தர் இருக்கையைச் சுற்றிப் பார்த்தார். "வெளியே போகும் வழி எது?"

"இந்தத் துவாரந்தான், ஐயா," என்றார் செயலர்.

"ஆக, இறங்கியதும் முதலில் வெளியே போகிறவர் இந்த இருக்கையில் இருப்பவர். புதிய மண்ணில் முதல் காலடி. வரவேற்பு, மாலை எல்லாம் அவருக்கு." அவர் வேராத்தாளை ஏற இறங்கப் பார்த்தார். "விதைக்குள் வேருக்கு என்ன வேலை? வாசல் இருக்கை எனக்கு."

வேராத்தாள் வாக்குவாதம் செய்யவில்லை. அவளுக்கு அந்த விதையில் ஆசையே இல்லை. "எனக்கு ஊருக்குப் போகோணுமுங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, போதும்," என்றாள். அதற்குள் விதையை மூடிவிட்டார்கள்.

பழங்களில் இடம் பிடிக்க நடந்த அடிதடியில் காவலுக்கு நின்றவர்களும் ஓடிப்போனார்கள். பச்சையம்மாளின் காம்புக் கட்டைப் பார்க்க ஆளில்லை.

"அம்மிணி, அந்த முடிச்ச அவுத்து வுடு," என்றாள் பச்சையம்மாள். "நா வுழுந்தா மண்ணுலதான வுழுவேன். என்னயப் புடிச்சுக்க."

வேராத்தாளின் கை முடிச்சில் நின்றது. "நீங்க செத்துப் போயிருவீங்களேங்க்கா."

"போகோணும்னுதான கண்ணு நா தவங்கெடக்கறேன்."

முடிச்சு அவிழ்ந்தது. பச்சையம்மாள் அவசரப்படவில்லை. மேற்கே மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது, காற்று எழுந்துவிட்டது, ஆனாலும் அவள் காம்படியில் உட்கார்ந்து தன் சுவரைப் பொறுமையாகப் பூசி முடித்தாள். கையால் தடவிப் பார்த்தாள். பிறகு வேராத்தாளை அணைத்துக்கொண்டு விட்டுவிட்டாள். இருவரும் சுழன்று சுழன்று இறங்கினார்கள். நாரப்பன் நின்ற விளிம்பையும், வெள்ளையாகக் காய்ந்த அந்த ஒரு சாணையும் கடந்து, மரத்தடியில் போய் விழுந்தார்கள். மழை கொட்டத் தொடங்கியது. பச்சையம்மாள் நனைந்து மண்ணோடு படிந்தாள். அவள் மடியில் மிச்சமிருந்த பாகு மழையில் கரைந்து கீழே இறங்கியது. வேராத்தாள் அந்த ஈரத்தின் வழியே தலைகுப்புற மண்ணுக்குள் போனாள்.

சிட்டு இருந்தாள். முகமெல்லாம் கல் கீறிய காயம். "கண்ண மூடிக்கிட்டுத்தாம்மா இருந்தேன்," என்றாள். வேராத்தாள் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அப்போதுதான் சிட்டுவின் வாயோரத்தில் பாகு ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். அது பச்சையம்மாளுடையது இல்லை.

"இது ஏது?"

நடந்தது இதுதான். வளையம் வெட்டிய அன்று சோற்றோடு சேர்ந்து உச்சியாரின் காலை ஆணையும் நின்றுபோயிருந்தது. அதுவும் பட்டை வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அதற்கு யாரும் ஒருபோதும் பதில் அனுப்பியதில்லை என்பதால், ஆணை போய்ச் சேரவில்லை என்பது மேலே யாருக்கும் தெரியவில்லை. வளையத்துக்குக் கீழே, தண்டின் அடியில், நெடுங்காலமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மொட்டு கொட்டாவி விட்டு எழுந்து, வேரூரில் மிச்சமிருந்த கடைசி மாவை வாங்கித் தின்று இரண்டு இலை விட்டிருந்தது. ஊரில் பலர் அதை வைதார்கள். இப்போது அது சமைத்து, கொஞ்சமாகத்தான், கீழே அனுப்பத் தொடங்கியிருந்தது.

"தூங்கு தூங்குன்னு யாரோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க," என்றது மொட்டு. "சத்தம் நின்னுபோச்சு. முழிப்பு வந்துருச்சு. அதுக்குமேல எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

மழை விடாமல் பெய்தது. காற்றில் மேல்கிளைகள் ஒடிந்தன. அரசுப் பழமும் விழுந்தது. பறவைகள் அதை வெகுதூரம் கொண்டுபோகும் என்பது திட்டம். ஆனால் அது கனத்த பழம், எந்தப் பறவையாலும் தூக்க முடியவில்லை. அது நேராக வேரூரின் தென்கோடிக்கு மேலேயே விழுந்து, சதை கரைந்து, விதை மண்ணில் புதைந்தது. ஈரம் பட்டு விதை உப்பியது. உள்ளே இருந்து தட்டும் சத்தம் கேட்டு வேராத்தாள் பக்கத்தில் போனாள்.

"யாரங்கே?" மகரந்தரின் குரல். "நாங்கள் வந்துவிட்டோம். வளர்ச்சி ஏன் தொடங்கவில்லை?"

"கீழ யாராச்சும் எறங்கோணுமுங்க," என்றாள் வேராத்தாள். "அப்பத்தான் மேல மொளைக்கும்."

"கீழே என்றால்?"

"மண்ணுக்குள்ளங்க. இருட்டா இருக்கும். தலைகுப்புறப் போகோணும். அப்புறம் நிக்கவே கூடாதுங்க, போயிக்கிட்டே இருக்கோணும்."

உள்ளே இருந்து உச்சியாரின் மெலிந்த குரல் கேட்டது: "முதலில் வெளியேறும் இருக்கை யாருடையது?"

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பியது வெளியே நின்ற வேராத்தாளுக்கே தெரிந்தது.

"அம்மா," என்றார் மகரந்தர். தேன் எல்லாம் குரலுக்குத் திரும்பியிருந்தது. "முன்பு நடந்தது ஒரு நிர்வாகத் தவறு. அந்த இருக்கை தங்களுக்கே ஒதுக்கப்படுகிறது. வாக்குரிமையும் உண்டு. சூரியனைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?"

"பாத்தனுங்க," என்றாள் வேராத்தாள். "எம்புள்ளைக்கு முன்னால கல்லு வந்துருச்சு. நாம் போறேன்." போய்விட்டாள்.

விதைக்குள் அவசரக் கூட்டம் கூடியது. கீழே இறங்குவதன் இன்றியமையாமையை வலியுறுத்தி உச்சியார் உரையாற்றினார். தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. மகரந்தர் அதன் தலைவரானதால் போட்டியிலிருந்து விலக்குப் பெற்றார். மைத்துனர்கள் உறுப்பினர்கள் ஆனார்கள். வண்டு ஒப்பந்தக்காரர் சிறப்பு அழைப்பாளர். ஒவ்வொருவரும் மற்றவரின் தியாக உணர்வைப் புகழ்ந்து பேசினார்கள், பேச்சுக்கு நடுவே களஞ்சியத்திலிருந்து பாகு பரிமாறப்பட்டது.

மழை விட்டபின் எறும்புகள் அந்தப் பக்கம் வந்தன. உள்ளே விவாதம் நடப்பதைக் கேட்டுவிட்டு மரியாதையாகக் கொஞ்ச நேரம் காத்திருந்தன. பிறகு விதையிலிருந்து லேசாக அழுகல் வாடை வந்தது. எறும்புகள் வரிசை கட்டின.